என் மின்னஞ்சலில் துரத்திய 'எ'

அலுவலக ஆங்கில மின்னஞ்சலில் 'எ டீடெயில்ஸ்' (a details), 'ஆன் அட்வைஸ்' (an advice) என்றே பல வருடம் எழுதிவந்தேன். மேலாளர் ஒருநாள் அந்த 'எ', 'ஆன்' இரண்டையும் சிவப்பில் வட்டமிட்டு அனுப்பினார். வெட்கமாகத்தான் இருந்தது.

யோசித்தால் குற்றவாளி நம் 'ஒரு'. தமிழில் 'ஒரு பத்துப் பேர் வந்தார்கள்' என்றால் தப்பே இல்லை. அங்கே ஒரு என்பது 'ஏறக்குறைய'. ஆங்கில 'எ' அப்படி வளையாது, அதற்கு ஒன்று என்றால் ஒன்றுதான்.

அப்புறம் எழுதி முடித்ததும் பெயர்ச்சொல்லில் இருந்து பின்னோக்கிப் படித்தேன். கடைசியில் பன்மை 'ஸ்' இருந்தால் முன்னால் உள்ள 'எ'யை அடித்தேன். 'ஸ்' இல்லையா? 'டூ' போட்டுப் பன்மையாக்கிப் பார்த்தேன். 'டூ புக்ஸ்' சரி, அதனால் 'எ புக்'. 'டூ அட்வைசஸ்' கிடையாது, அதனால் 'எ பீஸ் ஆஃப் அட்வைஸ்' அல்லது வெறும் 'சம் அட்வைஸ்'. இன்ஃபர்மேஷன், ஃபர்னிச்சர், லக்கேஜ் எல்லாம் இதே கூட்டம்.

'தி' (the) இந்தத் தகராறில் இல்லை. ஒருமை, பன்மை இரண்டோடும் போகும். என்னைக் கடைசிவரை குழப்பியது 'எ ஃப்யூ டேஸ்'. பன்மைக்கு முன்னால் 'எ'! அதை மட்டும் மனப்பாடம் செய்துவிட்டேன்.