உடனும் உம்மும் கூட்டும்: சேர்ந்து செய்வதை எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராயபுரம், காசிமேடு, வியாசர்பாடி, பெரம்பூர் என்று வடசென்னையில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் ஏதேனும் ஒரு சங்கத்தின் பெயர்ப்பலகையோ குழுவின் அறிவிப்போ கண்ணில் படும். படகில் போகிறவர்கள், ஆட்டோ ஓட்டுநர்கள், சுமை தூக்குவோர், மகளிர் குழுவினர், குடியிருப்போர் எனப் பலரும் கூடிக் காரியம் பார்க்கும் பகுதி இது. அதைத் தாளில் எழுதும்போதுதான் யார் செய்தார்கள், யார் பொறுப்பு, யாருக்கு என்ன பங்கு என்பவை குழம்பிப்போகின்றன. எழுத்துப்பிழை படிப்பவரின் கண்ணை உறுத்துவதோடு போய்விடும். சொல்லைப் பிழையாகத் தேர்ந்தால் அது கையெழுத்திட்டவரின் பணத்திலேயே கை வைக்கக்கூடும்.

மனுக்களில் அடிக்கடி தென்படும் தவறு 'உடன்' என்பதைச் சுற்றியே நிகழ்கிறது. 'சங்கத் தலைவர் உறுப்பினர்களுடன் மண்டல அலுவலகத்தில் மனு அளித்தனர்' என்று எழுதுகிறார்கள். 'உடன்', 'ஓடு' ஆகியவற்றை ஏற்ற பெயர் எழுவாய் ஆகாது என்பதால் வினைமுற்று தலைவரை மட்டுமே தழுவி 'அளித்தார்' என்று முடிய வேண்டும். எல்லோரும் சேர்ந்து கொடுத்த மனு என்பதே கருத்தானால் 'தலைவரும் உறுப்பினர்களும் மனு அளித்தனர்' என்று உம்மை, அதாவது 'உம்' என்னும் இணைப்பு, கொடுத்து எழுத வேண்டும். இலக்கணப்படி இரண்டும் சரியே; பொருள்தான் வேறு. முந்தையதில் மனுதாரர் ஒருவர், மற்றவர்கள் துணைக்குப் போனவர்கள். பிந்தையதில் அனைவரும் மனுதாரர்கள். ஒரு செயலை இருவர் செய்யும்போது 'ஒடு' உருபு உயர்ந்தவர் பெயரைச் சார்ந்து வரும் என்று தொல்காப்பியம் சொல்கிறது. அந்த மரபுப்படி 'தலைவருடன் உறுப்பினர்கள் சென்றனர்' என்றுதான் எழுத வேண்டியிருக்கும். உயர்வு தாழ்வு பார்க்காத ஒரு சங்கத்துக்கு உம்மையே பொருத்தம் என்பது என் எண்ணம்.

உம்மை இருக்கும் இடத்தில் 'மற்றும்' தேவையில்லை. 'மீனவர் சங்கம் மற்றும் மகளிர் குழு இணைந்து நடத்தும்' என்பதைவிட 'மீனவர் சங்கமும் மகளிர் குழுவும் இணைந்து நடத்தும்' என்பது காதுக்கும் இதம், பலகையில் இடமும் மிச்சம். 'ஒன்றாக இணைந்து கூட்டாகச் சேர்ந்து' என்று நான்கு சொற்களை அடுக்குவதும் வேண்டாம்; அவற்றில் எந்த ஒன்றும் போதும்.

'ஒத்துழைப்பு' என்ற சொல்லையும் தேய்த்துவிட்டோம். ஒத்து உழைத்தால்தான் ஒத்துழைப்பு. பள்ளம் தோண்டிவிட்டு 'பொதுமக்கள் ஒத்துழைப்பு நல்கவும்' என்று பலகை வைக்கும்போது கேட்கப்படுவது உழைப்பன்று, பொறுமை. எந்தத் தெரு வழியாகச் சுற்றிப் போக வேண்டும் என்று அதே பலகையில் எழுதியிருந்தால் வண்டியில் வருகிறவருக்கு உதவியாக இருக்கும்.

அமைப்புகளின் பெயர்களில் நேரும் குழப்பம் இதைவிடப் பெரியது. குழு சிறியது, தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழு என்பது 12 முதல் 20 பேர் வரை கொண்டது. அத்தகைய குழுக்கள் பல சேர்ந்தால் பகுதி அளவிலான கூட்டமைப்பு உருவாகிறது. அதாவது கூட்டமைப்புக்கு உறுப்பு அமைப்புகளே தவிரத் தனி ஆட்கள் அல்லர். தெருவில் முப்பது பேர் கூடி 'கூட்டமைப்பு' என்று பெயர் வைத்துக்கொள்வது ஆசையைக் காட்டும், உண்மையைக் காட்டாது. அதைப் போலவே, பதிவு பெறாத ஒரு சீட்டுக்குக் 'கூட்டுறவு' என்ற சொல்லை ஒட்டவைக்கக் கூடாது. கூட்டுறவுச் சங்கம் 1983ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின்கீழ் பதிவு பெறுவது. அங்கே ஒருவர் எத்தனை பங்கு வாங்கியிருந்தாலும் அவருக்கு வாக்கு ஒன்றுதான்.

பங்கு என்றதும் காசிமேட்டுக்குத்தான் போக வேண்டும். விசைப்படகு கரைக்கு வந்து மீன் ஏலம் போனபின், டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு ஆகியவற்றைக் கழித்துவிட்டு, மிஞ்சுவதைப் படகு உரிமையாளரும் தொழிலாளர்களும் பங்கிட்டுக்கொள்ளும் வழக்கம் உண்டு. 'பங்குக்குப் போகிறேன்' என்று சொல்பவர் அந்தப் படகின் பங்குதாரர் ஆகிவிடமாட்டார். 1932ஆம் ஆண்டு இந்தியக் கூட்டாண்மைச் சட்டத்தின் 6ஆம் பிரிவும், உழைப்புக்கு ஊதியமாக லாபத்தில் பங்கு பெறுவதாலேயே ஒருவர் கூட்டாண்மைப் பங்குதாரர் ஆகிவிடுவதில்லை என்கிறது. அதே சட்டத்தின்படி பங்குதாரர்கள் தொழிலின் கடனுக்குக் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பாவார்கள். மற்றவர் கைவிரித்தால் முழுக் கடனையும் ஒருவரிடமே கேட்க முடியும். ஆகவே வலை இழுக்கும் தொழிலாளியை ஒப்பந்தத்தில் 'பங்குதாரர்' என்று எழுதுவது மரியாதை போலத் தோன்றினாலும் வம்பை விலைக்கு வாங்குவதாகும். 'பங்கு முறையில் பணிபுரியும் தொழிலாளி' என்று நீட்டி எழுதினாலும் பரவாயில்லை.

'பங்காளி' என்பது தகப்பன்வழிச் சொத்தில் உரிமை உடையவர். நம் தெருக்களில் நண்பனைக் கூப்பிடும் சொல்லும் அதுவே. தாளில் அதற்கு இடமில்லை. 'கூட்டாளி'யின் நிலை இன்னும் பரிதாபம். இலங்கைத் தமிழில் நண்பனைக் குறிக்கும் இந்த நல்ல சொல், இங்கே நாளிதழ்களின் குற்றச் செய்திகளில் 'ரவுடியின் கூட்டாளி' என்று புழங்கிப் புழங்கிக் கறைபட்டுவிட்டது. கடை திறப்பு விழா அழைப்பிதழில் 'எங்கள் கூட்டாளிகள்' என்று அச்சிட்டால் படிப்பவர் உதட்டோரம் சிரிப்பார். 'தொழில் பங்குதாரர்கள்' என்பதே பாதுகாப்பு. 'உடந்தை' என்பதோ தீச்செயலுக்கு மட்டுமே உரியது. 'நற்பணிக்கு உடந்தையாக இருந்த நன்கொடையாளர்கள்' என்று நன்றியுரையில் சொல்லிவிட வேண்டாம். 'உறுதுணை' என்ற சொல் இருக்கிறது.

'கூட்டு நடவடிக்கை', 'கூட்டுச் சதி' இவ்விரண்டுக்கும் இடையிலான கோட்டை வடசென்னைக்காரர்கள் நன்றாக அறிந்திருக்க வேண்டும், ஏனெனில் அந்தக் கோடு போடப்பட்டதில் பெரம்பூருக்குப் பங்குண்டு. அங்கிருந்த பக்கிங்காம் கர்நாடிக் நெசவாலைத் தொழிலாளர்களுக்காக 1918 ஏப்ரல் 27 அன்று பி.பி.வாடியாவைத் தலைவராகக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கப்பட்டது. மூன்று ஆண்டுகளுக்குள் சங்கத் தலைவர்கள்மீது நிர்வாகம் வழக்குத் தொடுக்க, தொழிலாளர்களை வேலை ஒப்பந்தத்தை மீறத் தூண்டக்கூடாது என்று உயர் நீதிமன்றம் தடை விதித்தது. சங்கங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்ற கோரிக்கை அதன்பின் வலுத்து, 1926இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. பதிவு பெற்ற சங்கத்தினர் தம் சங்க நோக்கத்துக்காகச் செய்துகொள்ளும் உடன்பாட்டைக் குற்றச் சதி என்று தண்டிக்க இயலாது என்று அதன் 17ஆம் பிரிவு வகுத்தது. குற்றம் புரிவதற்கான உடன்பாட்டுக்கு அந்தக் காப்பு இல்லை. எனவே துண்டறிக்கையில் 'நிர்வாகத்துக்கு எதிராக நாம் தீட்டிய திட்டம்' என்று வீரம் பேசுவதைவிடக் 'கோரிக்கைகளுக்காக நாம் எடுத்த கூட்டு முடிவு' என்று எழுதுவது அறிவுடைமை.

எழுத்துப்பிழைகளை விரைவாகச் சொல்லிவிடலாம். 'இனைந்து', 'ஒருங்கினைப்பு' ஆகியவை தவறு. இரண்டிலும் டண்ணகரமே (ண) வரும். தொழில் என்பதும் சங்கம் என்பதும் புணர்ந்தால் 'தொழிற்சங்கம்'; ற் என்னும் எழுத்துக்குப்பின் ச் போடக் கூடாது. கூட்டுக் குழு, ஒருங்கிணைப்புக் குழு ஆகியவற்றில் ஒற்று மிகும். 'மூன்று குழுக்களை இணைந்து' என்பது 'இணைத்து' என்றிருக்க வேண்டும்.

தீர்மான நோட்டுகளில் 'பெரும்பாலானோர் ஒருமனதாக ஏற்றனர்' என்ற வாக்கியம் சாதாரணமாக இடம்பெறுகிறது. ஒருவர் மறுத்தாலும் அது ஒருமனது அன்று. 'பெரும்பான்மையால் நிறைவேறியது' என்று எழுதி, ஆதரித்தவர் எத்தனை பேர், எதிர்த்தவர் எத்தனை பேர், நடுநிலை வகித்தவர் எத்தனை பேர் என்ற எண்ணிக்கையையும் அதற்குக் கீழேயே குறித்து, அதன்பின் கையெழுத்து வாங்குங்கள்.