ஒளி வேகமும் ஒலி வேகமும்: ஒப்பிடும்போது சறுக்கும் இடங்கள்

ஒளி ஒலியைவிட எத்தனை மடங்கு வேகம் என்று கேட்டுப் பாருங்கள். நிறையப் பேர் தயங்காமல் "874 மடங்கு" என்பார்கள், கணக்கும் போட்டுக் காட்டுவார்கள்: 3 லட்சத்தை 343-ஆல் வகுத்தால் 874 சொச்சம் வருகிறதே! வகுத்தல் சரிதான், விடைதான் ஆயிரம் மடங்கு தப்பு. 3 லட்சம் என்பது விநாடிக்கு இத்தனை கிலோமீட்டர், 343 என்பது விநாடிக்கு இத்தனை மீட்டர். இரண்டையும் மீட்டருக்குக் கொண்டுவந்து வகுத்தால் சுமார் 8 லட்சத்து 74 ஆயிரம் மடங்கு. அலகைப் பார்க்காமல் எண்ணை மட்டும் மனப்பாடம் செய்தால் இப்படித்தான் ஆகும். சிலர் ஒலியின் வேகத்தை மணிக்கு 1,235 கிலோமீட்டர் என்று நினைவில் வைத்திருப்பார்கள், அதை ஒளியின் விநாடிக் கணக்கோடு சேர்த்து வகுத்துவிட்டு 243 மடங்கு என்பார்கள். அது இன்னும் மோசம்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கென்றே தனியாக ஒரு தொல்லை இருக்கிறது. ஒலி, ஒளி. ஒரே ஓர் எழுத்து வித்தியாசம், அதிலும் பேசித் தட்டச்சு செய்கிறவர்களுக்கு ல-வும் ள-வும் எப்போது இடம் மாறும் என்று சொல்லவே முடியாது. "ஒலியாண்டு" என்று எழுதியதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். சரி, அப்படி ஓர் அலகு இருந்தால் அது எவ்வளவு தூரம் என்று ஒருநாள் கணக்குப் போட்டேன். காற்றில் போகும் வேகத்திலேயே ஒலி ஓர் ஆண்டு முழுக்க நிற்காமல் ஓடினால் சுமார் 1 கோடியே 8 லட்சம் கிலோமீட்டர் போகும். வெள்ளிக் கோள் நமக்கு மிக அருகில் வரும் நாளில்கூட, அந்தக் கோளுக்குப் போகும் வழியில் கால்வாசியைத்தான் ஒலி தாண்டியிருக்கும். ஒளியாண்டோ 9.46 லட்சம் கோடி கிலோமீட்டர். எழுத்துப் பிழைதானே என்று விட்டுவிட முடியாத பிழை இது. கூடவே இன்னொன்று: ஒளியாண்டு என்பது தூரம், காலம் இல்லை. "பல ஒளியாண்டுகளுக்கு முன்பு" என்று எழுதுவதும், "பல கிலோமீட்டருக்கு முன்பு பிறந்தேன்" என்று எழுதுவதும் ஒன்றுதான்.

இனி அந்த 343-க்கு வருவோம், ஏனென்றால் குழப்பம் அதிகம் இருப்பது இங்கேதான். ஒளியின் வேகத்தைப்போல ஒலிக்கும் ஒரு நிலையான எண் இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். வெற்றிடத்தில் ஒளியின் வேகம் விநாடிக்குச் சரியாக 29,97,92,458 மீட்டர், இதில் கூடுதல் குறைச்சல் கிடையாது. 1983-இல் மீட்டர் என்ற அலகையே இந்த எண்ணை வைத்துத்தான் வரையறுத்தார்கள், அதனால் அந்த எண் இனி மாறவும் மாறாது. ஒலியின் 343 அப்படிப்பட்டது இல்லை. 20 டிகிரி செல்சியஸில், உலர்ந்த காற்றில், அவ்வளவுதான். 0 டிகிரியில் 331, 40 டிகிரியில் 355. டிகிரிக்குச் சுமார் 0.6 மீட்டர் கூடும். காரணம் எளிமையானது: காற்றில் ஒலி என்பது ஒரு மூலக்கூறு அடுத்ததை இடித்து, அது அதற்கு அடுத்ததை இடிப்பதுதான். அறை வெப்பநிலையில் அந்த மூலக்கூறுகளே விநாடிக்குச் சுமார் 500 மீட்டர் வேகத்தில் கண்டபடி ஓடிக்கொண்டிருக்கின்றன, அவற்றைவிட வேகமாகச் செய்தி போக வழியில்லை. சூடேறினால் அவை வேகமாக ஓடும், ஒலியும் வேகமாகும்.

இதிலிருந்து கிளைப்பது இன்னொரு தவறு: "மேலே போகப்போகக் காற்றழுத்தம் குறைகிறது, அதனால் ஒலி மெதுவாகிறது." மெதுவாவது உண்மை, காரணம்தான் தப்பு. வெப்பநிலை மாறாமல் அழுத்தம் மட்டும் குறைந்தால் அடர்த்தியும் அதே அளவு குறையும், இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும், வேகம் அப்படியே இருக்கும். 11 கிலோமீட்டர் உயரத்தில் ஒலி விநாடிக்கு 295 மீட்டராக இறங்குவதற்குக் காரணம் அங்கே நிலவும் மைனஸ் 56 டிகிரிக் குளிர். அதனால்தான் மாக் 1 என்பதை, அதாவது பறக்கும் இடத்தில் ஒலிக்கு உள்ள வேகத்தை, நிலையான கிலோமீட்டர் எண்ணாக எழுதக் கூடாது. 1947 அக்டோபர் 14 அன்று அமெரிக்க விமானி சக் யேகர் பெல் எக்ஸ்-1 விமானத்தில் ஒலியின் வேகத்தைத் தாண்டினார், மாக் 1.06. மணிக்குச் சுமார் 1,127 கிலோமீட்டர். ஆனால் கடல் மட்டத்தில், 15 டிகிரியில், ஒலியின் வேகமே மணிக்குச் சுமார் 1,225! அதே வேகத்தில் தரையை ஒட்டிப் பறந்திருந்தால் அவர் தாண்டியிருக்க மாட்டார்.

"அடர்த்தி கூடினால் ஒலி வேகமாகப் போகும்." இது எல்லாரும் நம்பும் ஒன்று. காற்று 343, நீர் சுமார் 1,480, எஃகு சுமார் 5,900 என்று வரிசையாகப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் ஹீலியத்தை எடுத்துக்கொள்ளுங்கள், காற்றைவிட எவ்வளவோ லேசானது, அதில் ஒலி விநாடிக்குச் சுமார் 1,000 மீட்டர் போகிறது. ஈயம் எஃகைவிடக் கனமானது, அதில் ஒலியின் வேகம் எஃகில் பாதிகூட வராது. உண்மையில் அடர்த்தி ஒலியை இழுத்துப் பிடிக்கிறது, தள்ளிவிடுவது அந்தப் பொருளின் விறைப்பு, அதாவது அமுக்கினால் எவ்வளவு பலமாகத் திமிறிக்கொண்டு பழைய நிலைக்கு வருகிறது என்பது. எஃகில் அடர்த்தி அதிகம், ஆனால் விறைப்பு அதைவிடப் பல மடங்கு அதிகம், அதனால் ஒலி பறக்கிறது. (இந்த விறைப்பைக் கணக்கிடுவதில் நியூட்டனே தவறினார். ஒலி போகும்போது காற்றின் வெப்பநிலை மாறாது என்று வைத்துக்கொண்டதால் அவருக்குக் கிடைத்த வேகம் ஆறில் ஒரு பங்கு குறைவு. காற்று சட்டென்று அமுங்கும்போது சூடாகும் என்பதைச் சேர்த்து அதைச் சரிசெய்தவர் பிரெஞ்சுக் கணித அறிஞர் லாப்லாஸ். ஆக, நமக்குக் குழம்பினால் வெட்கப்பட ஒன்றும் இல்லை.)

ஒளிக்கு இது அப்படியே தலைகீழ். வெற்றிடத்தில்தான் அதற்கு முழு வேகம், பொருளுக்குள் நுழைந்தாலே குறையும். நீரில் விநாடிக்கு 2.25 லட்சம் கிலோமீட்டர், சாதாரணக் கண்ணாடியில் சுமார் 2 லட்சம், வைரத்தில் 1.24 லட்சம். இப்போது முதல் கேள்வியைத் திரும்பக் கேளுங்கள், எத்தனை மடங்கு? காற்றில் 8.74 லட்சம். நீரில் ஒளி குறைந்து ஒலி கூடிவிட்டதால் சுமார் ஒன்றரை லட்சம்தான். கண்ணாடிக்குள் சுமார் 35 ஆயிரம். எஃகுக்குள் ஒளி போகவே போகாது, அங்கே ஒலிக்குத்தான் வெற்றி. வெற்றிடத்தில் ஒலி இல்லவே இல்லை, அங்கே ஒப்பிட எதுவும் கிடையாது. எந்த ஊடகம், அதாவது எந்தப் பொருளின் வழியே, என்று சொல்லாமல் "எத்தனை மடங்கு" என்று கேட்பதே அரைகுறைக் கேள்வி என்பது என் கட்சி. இரண்டும் ஒரே பந்தயத்தில் ஓடுகிறவர்கள் இல்லை: ஒலியின் வேகம் ஊடகத்துக்குச் சொந்தம், ஒளியின் வேகம் வெளிக்கே சொந்தம்.

உரக்கக் கத்தினால் சீக்கிரம் கேட்கும் என்ற நினைப்பும் உண்டு. கத்தினால் தூரம் போகும், வேகமாகப் போகாது. சுருதி கூடினாலும் அப்படித்தான். உயர்ந்த சுருதி முந்திக்கொண்டு வந்தால், மைதானத்தின் மறுகோடியில் நிற்பவருக்குக் குழல் முதலிலும் முரசு பிறகும் கேட்டு, பாட்டே குலைந்துபோயிருக்கும். பெரிய வெடிப்புக்கு மிக அருகில் கிளம்பும் அதிர்ச்சி அலை மட்டும் இதற்கு விலக்கு, அது ஒலியை முந்தும், பிறகு வலுவிழந்து சாதாரண ஒலியாகிவிடும்.

ஒளி உடனே வந்துவிடும் என்று கணக்கில் விட்டுவிடுவது எப்போது சரி, எப்போது தப்பு? கலிலியோ இரண்டு பேர் கையில் விளக்கு கொடுத்து, ஒரு மைலுக்கும் குறைவான தூரத்தில் நிறுத்தி, மூடித் திறந்து அளக்கலாம் என்று பார்த்தார். ஒரு மைலை ஒளி கடக்க ஒரு விநாடியில் சுமார் 1 லட்சத்து 86 ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஆகும், விளக்கைப் பார்த்துக் கை அசையவே ஐந்தில் ஒரு பங்கு விநாடி வேண்டும். ஒன்றும் தெரியவில்லை. 1676-இல் டென்மார்க் வானியலாளர் ரோமர் வியாழனின் துணைக்கோள் அயோ மறையும் நேரங்கள் முன்னும் பின்னும் தள்ளிப்போவதை வைத்துத்தான் ஒளிக்கும் நேரம் பிடிக்கிறது என்று காட்டினார். ஆக, தரையில் விட்டுவிடலாம், வானத்தில் விடக் கூடாது. நிலவுக்கு 1.3 விநாடி, சூரியனிலிருந்து 8 நிமிடம் 20 விநாடி. நிலவில் இருப்பவரிடம் கேள்வி கேட்டால், அவர் யோசிக்காமல் பதில் சொன்னாலும், நமக்கு வந்து சேர 2.6 விநாடி ஆகும்.

மின்னல் கணக்கில் ஒளியைத் தாராளமாக விட்டுவிடலாம். அங்கே நடக்கும் தவறுகள் வேறு. மின்னலைப் பார்த்து ஒன்று, இரண்டு என்று எண்ணி, பதினைந்தில் இடி கேட்டால் "15 கிலோமீட்டர்" என்கிறார்கள். மூன்றால் வகுக்க வேண்டும், ஐந்து கிலோமீட்டர்தான். பதற்றத்தில் வேகமாக எண்ணினால் அதுவும் தப்பு, போனில் ஸ்டாப்வாட்ச் இருக்கிறதே. இடியின் முதல் சத்தத்தோடு நிறுத்த வேண்டும், உருண்டு முடியும் வரை எண்ணக் கூடாது. இடி ஏன் உருளுகிறது தெரியுமா? மின்னல் கண்ணிமைக்கும் நேரத்தில் அடித்து முடிந்துவிடுகிறது, ஆனால் அதன் பாதை பல கிலோமீட்டர் நீளம். பக்கத்து முனையில் எழுந்த சத்தம் முதலில் வருகிறது, மேகத்துக்குள் நீண்டு கிடக்கும் மறுமுனையின் சத்தம் ஐந்தாறு விநாடி கழித்து வருகிறது. ஒரே நேரத்தில் பிறந்த சத்தம், தூரத்துக்கு ஏற்ப நீட்டி முழக்கிக்கொண்டு வந்து சேர்கிறது. அடுத்தடுத்து மின்னல் வெட்டினால் எந்த இடி எதற்குச் சொந்தம் என்று குழப்பம்தான், அப்போது எண்ணுவதை நம்பாதீர்கள். எல்லாவற்றையும்விட ஆபத்தான தவறு, "ஐந்து கிலோமீட்டர் தள்ளித்தானே" என்று வெளியில் நிற்பது. மின்னல் பத்து கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி வந்து விழும். இடைவெளி 30 விநாடிக்குள் இருந்தால் உள்ளே போய்விடுங்கள்.

சொற்குழப்பம் ஒன்று: அல்ட்ராசோனிக் வேறு, சூப்பர்சோனிக் வேறு. முதலாவது அதிர்வெண், விநாடிக்கு 20,000 அதிர்வுக்கு மேல், நம் காதுக்குக் கேட்காது, ஆனால் காற்றில் அதே 343-இல்தான் போகும். இரண்டாவதுதான் வேகம், ஒலியை மிஞ்சிய வேகம். அப்புறம், ஒலியைத் தாண்டும் விமானம் தாண்டும் அந்தக் கணத்தில் மட்டும் "டமார்" என்று வெடிப்பதாக எழுதுகிறார்கள். இல்லை. அந்த வேகத்தில் பறக்கும் வரை கூம்பு வடிவ அலையைப் பின்னால் இழுத்துக்கொண்டே போகும், அது யாரைக் கடக்கிறதோ அவருக்கு அந்த நேரத்தில் கேட்கும். வழிநெடுக டமார்தான், ஒவ்வொருவருக்கும் ஒரு முறை.

வானொலியில் "ஒலி" என்று பெயரிலேயே இருப்பதால் அது ஒலியின் வேகத்தில் வருவதாக நினைப்பதும் உண்டு. வருவது ரேடியோ அலை, அது ஒளியின் இனம். அரங்கில் நடக்கும் கச்சேரியின் பழைய நேரடி அலைபரப்பில், மூவாயிரம் கிலோமீட்டர் தள்ளி வானொலிப் பெட்டியருகே இருப்பவருக்குப் பாட்டு ஒரு விநாடியில் நூறில் ஒரு பங்கில் போய்ச் சேரும். அதே அரங்கில், ஒலிபெருக்கி இல்லாமல், மேடையிலிருந்து இருபது மீட்டர் தள்ளிக் கடைசி வரிசையில் உட்கார்ந்தவருக்கு நூறில் ஆறு பங்கு ஆகும். காசு கொடுத்து உள்ளே போனவருக்குத்தான் தாமதம்! இன்றைய இணைய நேரலைக்கு இதைப் பொருத்திவிடாதீர்கள், அதில் பல விநாடிகளைச் சர்வர்களே தின்றுவிடுகின்றன.

இந்தத் தவறுகளில் ஒன்றை நானே செய்திருக்கிறேன். ஒரு விளையாட்டு விழாவில், நூறு மீட்டர் ஓட்டத்தில், முடிவுக் கோட்டில் ஸ்டாப்வாட்சோடு நிறுத்தினார்கள். மறுமுனையில் துப்பாக்கிச் சத்தம் கேட்டதும் அழுத்தினேன். சத்தம் நூறு மீட்டர் வந்து சேர 0.29 விநாடி ஆகிறது, அதற்குள் பிள்ளைகள் ஓடத் தொடங்கிவிட்டார்கள். எல்லாருக்கும் பயிற்சியில் வந்ததைவிட அருமையான நேரம் வந்தது, ஒரே கொண்டாட்டம். இரண்டாவது சுற்றுக்கு முன்னால் ஒரு பெரியவர் வந்து "தம்பி, சத்தத்துக்கு அழுத்தாதே, புகையைப் பார்த்து அழுத்து" என்றார். அழுத்தினேன். அந்தச் சுற்றில் ஓடிய பிள்ளைகள் வந்து கடிகாரத்தை எட்டிப் பார்த்துவிட்டு, முதல் சுற்றுக்காரர்களை மட்டும் ஏன் அவ்வளவு வேகமாக ஓடவிட்டீர்கள் என்று என்னிடம் சண்டைக்கு வந்தார்கள்.