ஆய்வேடு, புதிய வேலை, குடும்பம்: அடுத்த வரியைக் குறித்துவிட்டு எழுந்திருங்கள்

புதிய வேலையில் சேர்ந்த முதல் சில மாதங்களில், ஆய்வேட்டுக்கென்று நீண்ட ஓய்வு நேரம் வாய்க்கும் என்று காத்திருந்தால் அது வரவே வராது. விடுமுறை நாள் முழுவதையும் அதற்கென ஒதுக்கி வீட்டாரின் மனத்தாங்கலைச் சம்பாதிப்பதைவிட, மற்றவர்கள் எழுவதற்கு முன் நாள்தோறும் 40 நிமிடம் எழுதுவதே நடைமுறையில் நிலைக்கிறது. ஆனால் கோப்பைத் திறந்து, எங்கே விட்டோம் என்று தேடுவதிலேயே அதில் பாதி கரைந்துவிடும். ஆகவே எழுந்திருக்கும் முன், கடைசி வரிக்குக் கீழே அடுத்த வேலையைக் குறித்துவையுங்கள். 'இரண்டாம் இயலைத் தொடரவும்' என்று எழுதுவது போதாது. 'அட்டவணை 3-இல் தெரியும் வேறுபாட்டுக்கான காரணத்தை இரண்டு பத்திகளில் விளக்கவும்' என்னும் அளவுக்குத் தெளிவாக இருக்க வேண்டும். துணைநூற்பட்டியலைக் கையால் தட்டச்சு செய்யாமல், ஜொட்டேரோ போன்ற இலவச மென்பொருளிடம் விட்டுவிடலாம்.

நெறியாளரிடம் வேலை மாற்றத்தை முன்கூட்டியே தெரிவித்து, முழு இயலாக அன்றிப் பகுதி பகுதியாகப் படித்துத் தர இயலுமா என்று கேளுங்கள். கேட்கத் தயங்கியே மாதங்களை இழப்பவர்கள் உண்டு. குழந்தை காய்ச்சலில் கிடக்கும் வாரத்தில் புதிதாக எழுத முயலாமல், படங்களின் தலைப்புகளையும் பக்க எண்களையும் சரிபார்த்தால் போதும்.