ஜப்பானியப் பீங்கான் சிற்பங்கள்: பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெள்ளையாக, மெல்லிசாக, இதழ் போல வளைந்து நின்றால் அது பீங்கான்தான் என்று முடிவுகட்டிவிடுகிறோம். ஜப்பானிய மண்சிற்பக் கலைஞர் ஃபுஜிகாசா சாட்டோகோவின் சிற்பங்களைப் படத்தில் பார்ப்பவர்கள் இதில் எளிதாக ஏமாறுவார்கள். காற்றில் புரளும் துணி மாதிரி இருக்கும். ஆனால் அவர் கையாள்வது ஸ்டோன்வேர் என்னும், பீங்கானைவிடக் கரடான களிமண்; அதைத் திரி திரியாக அடுக்கி உயர்த்தி, மேலே வெள்ளை மண்குழம்பு பூசுகிறார். அந்த மண் ஈரத்திலேயே ஓரளவு தன் எடையைத் தாங்கும். பீங்கான் மண் அவ்வளவு பொறுமைசாலி இல்லை. ஈரத்தில் சரியும், காயும்போது வெடிக்கும், 1300 டிகிரியை ஒட்டிய சூட்டில் இளகும், சுட்டு இறக்கினால் நன்றாகவே சுருங்கியும் இருக்கும். எந்த மண் என்று தெரியாமல், செய்தவர் எதோடு மல்லுக்கட்டினார் என்பது புரியாது. காட்சிப் பலகையில் அதைப் படித்துவிட்டு அப்புறம் சிற்பத்துக்குப் போங்கள்.

அச்சில் வார்த்தது என்று கேட்டதும் மட்டமாக நினைப்பது இன்னொரு தவறு. என் கணக்கில் இதுதான் பெரிய தவறு. ஜப்பானின் மட்பாண்ட நகரமான செட்டோவில் 1953இல் பிறந்த நாகாயே ஷிகெகாசுவை எடுத்துக்கொள்ளுங்கள். செட்டோ தொழிற்சாலைகளில் பீங்கான் சாமான்களை மொத்தமாகச் செய்ய உதவிய முறைதான் அவருடையதும். பிளாஸ்டர் அச்சில் மண்குழம்பை ஊற்றினால் பிளாஸ்டர் நீரை உறிஞ்சும். சுவரோரம் ஏடு கட்டும். மிச்சக் குழம்பைக் கொட்டிவிட்டால் மெல்லிய ஓடு கிடைக்கும். இதுவரை தொழிற்சாலை வேலை. நாகாயே அந்த ஓடுகளைச் சேர்த்துச் சூளையில் வைக்கிறார். சூட்டில் பீங்கான் இளகி, தன் எடையிலேயே தொய்ந்து சுருள்கிறது. நாம் பார்த்து வியக்கும் அந்த வளைவு சூளைக்குள் பிறந்தது. அதற்காக எல்லாம் தற்செயல் என்றும் சொல்லிவிட முடியாது. எவ்வளவு மெல்லிசு, எங்கே தாங்கல் என்பதை முன்கூட்டியே தீர்மானித்தவர் அவர்தானே!

கியோட்டோவின் ஃபுகாமி சுயெஹாரு, குழம்பை அழுத்தம் கொடுத்து அச்சுக்குள் செலுத்துகிறார். அலை போலவும் வாளின் அலகு போலவும் நீளும் அவருடைய வடிவங்களில் சில ஒரு மீட்டரையும் தாண்டும். மேலே இளநீலம் கலந்த வெண்மெருகு. இவற்றின் முன்னால் நின்றுகொண்டு ‘வாபி-சாபி’, குறையின் அழகு என்று பேசுவது பொருந்தாது. அந்த விளிம்பில் சின்னக் கீறல் விழுந்தாலும் வேலை கெட்டுவிடும். ஜப்பானியக் களிமண் கலை என்றாலே அந்த ஒரு சொல்லை ஒட்டிவிடும் பழக்கத்தை நாம் விட்டால் நல்லது.

இது என்ன பூ, என்ன சிப்பி என்று கேட்பதிலும் கொஞ்சம் நிதானம் வேண்டும். ஹொசோனோ ஹிதோமியிடம் அந்தக் கேள்விக்குப் பதில் உண்டு. கிஃபுவில் பிறந்து லண்டனில் வேலை செய்யும் அவர், உண்மையான இலைகளைக் கவனித்து நரம்பு நரம்பாகச் செதுக்கி அச்செடுக்கிறார். அதில் அழுத்தி எடுத்த இலைகளைக் கிண்ணத்தின்மேல் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, அடியில் இருக்கும் சுவரே தெரியாதபடி மூடிவிடுகிறார். மெருகு பூசாத அந்த மேற்பரப்பில் நிழல்தான் வண்ணம். பிரிட்டிஷ் மியூசியத்தில் அவருடைய இலைக் கிண்ணம் ஒன்று இருக்கிறது. ஆனால் நாகாயேயின் சுருளிடம் அதே கேள்வியைக் கேட்டால் பதில் வராது. அது எதையும் போலிசெய்யவில்லை.

பயன்படாத மண்பொருள் ஜப்பானில் நேற்று வந்த மோகம் என்றும் சிலர் நினைக்கிறார்கள். ஆனால் மண்கலைஞர் யாகி கசுவோவும் நண்பர்களும், பயன்பாட்டை விட்டு மண்ணைச் சிற்பமாக்கிய சோதேய்ஷா குழுவைக் கியோட்டோவில் தொடங்கியது 1948இலேயே.

வாங்குகிறவர்களுக்கு ஒன்று. ஜப்பானியக் கலைஞர்கள் பலர், தங்கள் கையெழுத்திட்ட மரப்பெட்டியோடுதான் படைப்பைக் கொடுப்பார்கள். இடத்தை அடைக்கிறதென்று அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பின்னால் விற்கப் போனால் முதலில் கேட்கப்படுவது அந்தப் பெட்டியாகத்தான் இருக்கும்.