சிறையிலிருந்து வந்தவருக்கு ஏஏ ஸ்பான்சராக இருப்பது எப்படி

ஏஏ என்பது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடிநோயாளிகள் ஒருவருக்கொருவர் உதவிக் குடியை விடும் அமைப்பு; அதில் புதியவருக்குத் துணை நிற்கும் மூத்த உறுப்பினர்தான் ஸ்பான்சர். நீங்கள் ஸ்டேஷன் வாசலையே மிதிக்காத வங்கி ஊழியராக இருக்கலாம்; அவர் பெயர் ரவுடிப் பட்டியலில் இருக்கலாம். உங்கள் இருவருக்கும் பொதுவானது ஒன்றுதான்: முதல் கிளாஸை எடுத்தால் நிறுத்தத் தெரியாது. 1935-ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் ஒரு பங்குச்சந்தைக்காரரும் ஓர் அறுவை மருத்துவரும் சந்தித்துத் தொடங்கிய ஏஏ நிற்பது இந்த ஒற்றுமையின் மேல்தான். ஆளைத் திருத்தும் வேலை உங்களுடையதல்ல.

முதலில் பெயர். இத்தனை வருடம் பட்டப்பெயரில்தான் அவரை எல்லோரும் கூப்பிட்டிருப்பார்கள், எஃப்ஐஆர் உட்பட. நீங்கள் பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லுங்கள். மீட்டிங்கிலும் அந்தப் பெயரோடுதான் ‘நான் ஒரு குடிநோயாளி’ என்று அவர் எழ வேண்டும்.

அடுத்தது உடம்பு. விடுதலையான அன்றே கூட்டாளிகள் ‘கவனிப்பார்கள்’. அப்படி மறுபடி தினசரிக் குடியில் விழுந்தவரை அறையில் பூட்டி நிறுத்த வைக்காதீர்கள். கடைசிக் குடியிலிருந்து ஆறு மணி நேரத்திலேயே நடுக்கம் தொடங்கலாம். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டிலிருந்து நாலு நாளுக்குள் புத்தி தடுமாறிப் பிதற்றலாம், உயிரும் போகலாம். மருத்துவமனையில் சேருங்கள். பிரவுன் சுகர் (ஹெராயின்) பழக்கம் இருந்தவருக்கு ஆபத்து வேறு விதம். உள்ளே இருந்த மாதங்களில் உடம்பின் தாங்கும் சக்தி குறைந்திருக்கும். பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுவிடலாம். வெளியே வந்த முதல் இரண்டு வாரம்தான் மோசம். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14446-ஐக் கூப்பிடுங்கள், கட்டணமில்லை.

குடித்தால் வாந்தி வரவைக்கும் டைசல்ஃபிராம் மாத்திரையைச் சாம்பாரில் கலந்து கொடுக்கும் வீடுகள் நிறைய. கண்டிப்பாகத் தடுங்கள். தெரியாமல் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து ஆள் விழலாம். மாத்திரையை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை அதன் வேலை இருக்கும்.

முதல் மூன்று மாதம் தினம் ஒரு மீட்டிங், 90 நாளில் 90. இடிக்கும் இடம் ஜாமீன் கையெழுத்து. நேரம் மோதினால் மீட்டிங்கை விடாமல், நிபந்தனையைத் தளர்த்த வக்கீல் மூலம் மனு போடச் சொல்லுங்கள். சனிக்கிழமை கூலி வாங்கும் இடத்துக்கு நீங்களே போய் நில்லுங்கள். டாஸ்மாக்கைத் தாண்டும் அந்தப் பத்து நிமிடம் கூட நடந்தால் போதும். டீ வாங்கிக் கொடுங்கள், கடன் கொடுக்காதீர்கள். ஜாமீனும் நிற்காதீர்கள், பிறகு அவர் விழுந்தால் உண்மையைச் சொல்ல உங்களிடம் வரமாட்டார்.

இனி பலரும் சறுக்கும் இடம். குடியிலிருந்து மீள ஏஏ வகுத்த பன்னிரண்டு படிகளில் ஐந்தாவதில், தான் செய்த தவறுகளை அவர் இன்னொரு மனிதரிடம் சொல்ல வேண்டும். ஸ்பான்சரிடம் சொன்னதற்குச் சட்டப் பாதுகாப்பு கிடையாது. நீதிமன்றம் அழைத்துக் கேட்டால் நீங்கள் சாட்சி. அதனால் நிலுவை வழக்குகளின் பெயர், இடம், தேதி எல்லாம் வக்கீலிடம் மட்டும். உங்களிடம் கோபம், பயம், பேராசை என்று குணத்தைப் பேசினால் போதும்.

ஒன்பதாம் படி பரிகாரம். வெட்டுப்பட்டவர் வீட்டு வாசலில் போய் மன்னிப்புக் கேட்கத் துடிப்பார். விடாதீர்கள். வழக்கு நடக்கும்போது அது சாட்சியை மிரட்டியதாகக் கருதப்படலாம், ஜாமீன் ரத்தாகலாம். வழக்கு முடிந்திருந்தாலும் அவரைக் கண்டதும் அந்தக் குடும்பம் நடுங்கும். பிறருக்குத் தீங்கு வருமென்றால் நேரடிப் பரிகாரம் வேண்டாம் என்று அந்தப் படியே சொல்கிறது. அம்மாவிடம் திருடிய நகைக்கு மாதா மாதம் பணம் கட்டுவதிலிருந்து தொடங்கட்டும்.

மறுபடி குடித்துவிட்டால் போனை அணைத்துவிடுவார், வெட்கம். ஒரு நாள் பதில் இல்லையென்றால் வீட்டுக்குப் போங்கள். மூன்றே கேள்வி: எவ்வளவு குடித்தீர்கள், கூட வேறு ஏதாவது போட்டீர்களா, கடைசியாக எப்போது? உபதேசம் வேண்டாம். பதிலைப் பொறுத்து மருத்துவமனைக்கோ மாலை மீட்டிங்குக்கோ கூட்டிப் போங்கள்.