அட்டை ஊரில் இருந்தாலும் ஊசி தள்ளிப் போக வேண்டாம்

பிரசவத்துக்குப் பாபநாசத்தில் அம்மா வீடு, மூணாம் மாசம் மன்னார்குடியில் மாமியார் வீடு. இந்த மாற்றத்தில்தான் பிள்ளையின் தடுப்பூசி அட்டை எங்காவது பீரோவுக்குள் மாட்டிக்கொள்ளும். அட்டையின் எல்லாப் பக்கத்தையும் செல்போனில் படம் எடுத்து, கணவருக்கும் அனுப்பி வையுங்கள். ஆறு, பத்து, பதினாலு வாரத்தில் போடும், ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட் ஊசியில் ஒன்று விட்டுப்போயிருந்தாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. விட்ட இடத்திலிருந்து போட்டுக்கொள்ளலாம். எந்த ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இலவசம்தான். பொதுவாகப் புதன்கிழமை ஊசி நாள். உங்கள் பகுதி நர்சம்மாவிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். லேசான சளிக்காகத் தள்ளிப்போட வேண்டாம்.

அப்புறம் பெரியவர்கள். நம் பக்கம் இவர்களை யாரும் நினைப்பதே இல்லை. சம்பா அறுவடையில் அரிவாள் பட்டால் மஞ்சளை அப்பிவிட்டு மறுபடி வயலில் இறங்கிவிடுகிறோம். ரணஜன்னி (டெட்டனஸ்) கிருமி மண்ணிலும் சாணத்திலும்தான் இருக்கிறது. துருப்பிடித்த ஆணி மட்டும் காரணமில்லை. காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். ஆரம்பத் தவணைகளை முழுசாகப் போட்டவர்களுக்கு, ரணஜன்னியைத் தடுக்கும் டிடி ஊசி பத்து வருஷத்துக்கு ஒருமுறை போதும். ஆனால் சேறு பட்ட காயம், கடைசி ஊசி போட்டு ஐந்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது என்றால் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். போட்ட தேதியைக் குடும்ப அட்டையின் உறைக்குள் ஒரு சீட்டில் எழுதி வைத்தால் தேட வேண்டியதில்லை.