வெளிநாட்டில் படிக்கப் போகிறீர்களா? முதல் மாதமே இதைச் செய்யுங்கள்

பாம்பன், மண்டபம், கீழக்கரை பக்கமிருந்து ஜெர்மனிக்கு மேற்படிப்புக்குப் போகும் தம்பி தங்கைகளுக்கு நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: பேராசிரியரைத் தனியாகப் போய்ப் பாருங்கள். மாணவர்களைச் சந்திக்கவென்றே அங்கே ‘ஸ்பிரெக்ஷ்டுண்டே’ என்று நேரம் ஒதுக்கியிருப்பார்கள். சிலரிடம் முன்பதிவு செய்ய வேண்டும்.

வாத்தியாரிடம் கேள்வி கேட்டால் எதிர்த்துப் பேசுவதாக நினைப்பாரோ என்று பயந்தே வளர்ந்தவன் நான். முதல் பருவம் முழுக்கக் கடைசி வரிசையில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். இரண்டாவது பருவத்தில்தான் ஒரே ஒரு சந்தேகத்தோடு போய்க் கதவைத் தட்டினேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. “நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?” என்று என்னையே கேட்டார். தட்டுத்தடுமாறிப் பதில் சொன்ன அந்தப் பத்து நிமிடத்தில்தான் எனக்கு என்மேல் நம்பிக்கை வந்தது. அதனால் கேள்வியோடு உங்கள் யோசனையையும் இரண்டு வரி எழுதி எடுத்துப் போங்கள்.

அப்புறம், கிளம்பும் முன்பே சமைக்கப் பழகிவிடுங்கள். குழம்பு வைத்து வேறு நாட்டுப் பிள்ளைகளைச் சாப்பிடக் கூப்பிட்டால், கூச்சம் போய்ப் பேச்சு தானாக வரும்.

பெட்டி கட்டும்போது ஒன்று. சொந்த உபயோகத்துக்குக் கருவாடு 20 கிலோ வரை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகலாம். நெய், பால்கோவா, இறைச்சிக்கு அனுமதி இல்லை. அம்மா ஆசையாகக் கொடுத்தாலும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். கருவாட்டை மட்டும் மூன்று கவர் போட்டு இறுக்கிக் கட்டுங்கள்.